பிளித்தார்க்காரர் கை வைத்த கார்

தர்மிந்தோவுக்குப் பொய் சொல்ல வராது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது மட்டும் நன்றாக வரும். இரண்டும் சில சமயம் ஒன்றுதான் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஐம்பது வயது தாண்டிய மனிதருக்கு யார் போய்ச் சொல்லித் தருவது?

ஜாவாவின் பெக்காசி நகரத்தில் அவர் குடியிருந்த வளாகத்தில் தெரு என்பது பேருக்குத்தான் தெரு. ஒரு கார் நின்றுவிட்டால் இன்னொரு கார் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆகவே தெருவில் வண்டியை விடுகிறவர்கள் கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கையும் இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். வழி வேண்டியவர் தள்ளிவிட்டுப் போகலாம். பெரும்பாலும் தள்ளுகிறவர் காவல்காரர் ஜுமாதிதான். தெருமுனைக் காவல் கூண்டிலேயே அவருக்கு வேலை, சமையல், தூக்கம் எல்லாம். பெண்டாட்டி பிள்ளைகள் சொந்த ஊரான தெகாலில் இருந்தார்கள். பெருநாளுக்குப் பெருநாள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

எதிர் வீட்டு இபு லஸ்மினியின், அதாவது லஸ்மினி அம்மாளின், வெள்ளி நிறக் கார் எப்போதும் தெருவில்தான் நிற்கும். அது அவர் புருஷன் வாங்கியது. புருஷன் போன பிறகு லஸ்மினி அதை விற்கவும் இல்லை, ஓட்டக் கற்றுக்கொள்ளவும் இல்லை. சாவியை வாசல் ஆணியில் மாட்டி வைத்துவிட்டார். தெருவில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும், யாருக்கு நெஞ்சை அடைத்தாலும் அந்தச் சாவியைத் தேடித்தான் ஓடுவார்கள். தர்மிந்தோவின் மாமியாருக்கு மூச்சுத் திணறியபோதும் அந்த வண்டிதான் ஓடியது.

அந்த வண்டியைத்தான் தர்மிந்தோ இடித்தார்.

வறண்ட மாதமான ஆகஸ்டில் பெய்யக் கூடாத மழை அன்று பெய்தது. சனிக்கிழமை பிற்பகல். மனைவி யாயுக் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பட்டுச் சட்டை நனைகிறது, உடனே வண்டியை எடுத்து வாருங்கள் என்று போனில் கத்தினாள். தர்மிந்தோ அவசரமாகத் தன் சிவப்புக் காரைப் பின்னால் எடுத்தார். பின் கண்ணாடி முழுக்க ஆவி. துடைத்துவிட்டு எடுத்திருக்கலாம். டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தம்கூட இல்லை, தேங்காயைத் தரையில் வைத்த மாதிரிதான்.

இறங்கிப் பார்த்தார். லஸ்மினியின் காரில் பின் கதவு உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. அதன் மேல் நீளமாக ஒரு சிவப்புத் தீற்று. தன் வண்டியின் பம்பர் முனையில் வெள்ளி நிறக் கோடு ஒன்று, பக்கத்தில் தோல் உரிந்த மாதிரி ஒரு இடம். தெருவில் ஒரு ஈ காக்கைகூட இல்லை. லஸ்மினி வீட்டு ஜன்னல்கள் மழைக்காக அடைத்திருந்தன. நாலு எட்டு வைத்துப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். போன் மறுபடி அடித்தது. வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பிப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது ஒரு காரியம் செய்தார். எப்போதும் வண்டியை முகத்தை உள்ளே விட்டு நிறுத்துகிறவர், அன்று பின்பக்கமாக ஏற்றி, பம்பரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார்.

“என்ன மாஸ், இன்னிக்குப் புதுசா பின்னாடியால ஏத்துறீங்க?” என்றாள் யாயுக்.

“மழை” என்றார்.

“மழைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் உள்ளே ஓடினாள். தர்மிந்தோ மழை விடட்டும் என்று இருந்தார். விட்டது. தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தார். குடித்தார். தொழுதுவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். தொழுத பிறகு இந்த நேரத்தில் தனியாக இருக்கிற பெண்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டுவது முறையில்லை என்று தோன்றியது. முறை தெரிந்த மனிதர் பாருங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, தெருவைச் சுத்தம் செய்கிற நாள். சுதந்திர தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. போன வாரம்தான் நடைபாதைக் கற்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் தேசியக் கொடியின் சிவப்பு வெள்ளை அடித்து முடித்திருந்தார்கள். இந்த வாரம் சாக்கடை. தர்மிந்தோ அரைக்கால் சட்டையோடு முழங்கால் ஆழத்தில் நின்று சேற்றை வாரிக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் காப்பி எடுத்து வந்த லஸ்மினிதான் முதலில் பார்த்தார். “ஐயையோ, இது என்ன?” என்று தட்டைக் கீழே வைத்தார்.

ஆள் ஆளுக்குக் கூடினார்கள். தெருத் தலைவர் பாக் ரஹார்ஜோ, அதாவது ரஹார்ஜோ ஐயா, முன்னால் வந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசாரணை என்றால் அவருக்குக் கருவாட்டு வாசனை பட்ட பூனை மாதிரி முகம் மலர்ந்துவிடும். குனிந்தார், தடவினார், நிமிர்ந்து கம்பத்தைப் பார்த்தார்.

“சிவப்பு. இந்தச் சிவப்பு எங்கேர்ந்து வந்துச்சு? நம்ம கம்பத்துலேர்ந்து. யாரு இந்த வண்டியக் கம்பத்துப் பக்கம் தள்ளினது?”

எல்லோரும் ஜுமாதியைப் பார்த்தார்கள். ஜுமாதி கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டார்.

“நேத்து மழை ஆரம்பிச்ச நேரத்துல கேஸ் சிலிண்டர் வண்டி வந்துச்சு பாக். வழி விடறதுக்காகத் தள்ளினேன். தரை ஈரமா இருந்துச்சா, கொஞ்சம் சறுக்கிப் போயி கம்பத்துக்கிட்டதான் நின்னுச்சு. முட்டுன மாதிரி தெரியல...”

“தெரியலையா, முட்டலையா?”

ஜுமாதி யோசித்தார். யோசிக்கிறபோதே அவர் முகத்தில் ஏதோ இறங்கிப் போனது. “முட்டியிருக்கும் பாக். நானாத்தான் இருக்கும். இபு, மன்னிச்சிடுங்க” என்று லஸ்மினியைப் பார்த்துக் கை குவித்தார்.

சாக்கடைக்குள் நின்ற தர்மிந்தோ வாயைத் திறந்தார். இது சத்தியம், திறந்தார். அதற்குள் ரஹார்ஜோ தீர்ப்பையே சொல்லிவிட்டார்: “மழையில தள்ளினது தப்பு. தள்ளிட்டுச் சொல்லாம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. கொடியேத்தி முடிக்கிற வரைக்கும் இரு ஜும். அப்புறம் வேற ஆளப் பாத்துக்கறோம்.” சொல்லாமல் இருந்தது பெரிய தப்பு என்று கேட்டதும் தர்மிந்தோவின் வாய் தானாக மூடிக்கொண்டது. காது மடல் வரைக்கும் சுட்டது. மண்வெட்டியில் வாரிய சேற்றை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“வண்டிய என்ன பண்றது?” என்று யாரோ கேட்டார்கள்.

“என்ன பண்றதா? நம்ம தெருவுலயே பிளித்தார்க்காரர் இருக்காரே!” என்றார் ரஹார்ஜோ. எல்லா முகங்களும் சாக்கடைப் பக்கம் திரும்பின.

ஜாவாவில் எந்த ஊருக்குப் போனாலும் ‘மந்திரத் தட்டு’ என்று பலகை மாட்டிய பட்டறை ஒன்று இருக்கும். நசுங்கிய காரை உள்ளே விடுவார்கள், திரையை இழுத்து மூடுவார்கள், சொந்தக்காரர்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே டக் டக் என்று தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். மாலையில் தகடு பழையபடி ஆகி வெளியே வரும். அந்த வித்தை பிளித்தார் என்கிற ஊரில்தான் பிறந்தது, பிளித்தார்க்காரர்கள் கையில் அது இரத்தத்தோடு ஓடுகிறது என்பது ஊர்ப் பேச்சு. தர்மிந்தோ பிளித்தார்க்காரர்தான். ஆனால் சமையல் எண்ணெய்க் கம்பெனியில் சரக்குக் கணக்குப் பார்க்கிறவர். சுத்தியலை ஆணியடிக்கக்கூட ஒழுங்காகப் பிடித்ததில்லை. இந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளில், “பிளித்தாரா? அப்ப உங்களுக்கும் அது தெரியும்னு சொல்லுங்க” என்று கேட்டவர்களுக்கு அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்தார். அந்தச் சிரிப்பை யாயுக் சீட்டுக் கட்டுகிற பெண்களிடம் கொண்டுபோய்ப் பரப்பி, அவருடைய தாத்தாவின் தாத்தா வரைக்கும் மந்திரவாதியாக்கி வைத்திருந்தாள்.

“செய்வீங்கல்ல பாக்?” என்றார் லஸ்மினி.

“செய்றேன் இபு” என்றார் தர்மிந்தோ. பிராயச்சித்தம் மாதிரி இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனால் உள்ளுக்குள் வேறு ஒரு மூலையிலிருந்து அந்த யோசனை வந்தது அவருக்குத் தெரியும்: திரை போட்டுவிட்டால், இரண்டு வண்டிகளையும் யாரும் பார்க்க முடியாது.

ஆபீசுக்கு விடுப்புச் சொன்னார். கார் நிறுத்துகிற முன்கூரையைச் சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டி, லஸ்மினியின் காரைத் தள்ளி உள்ளே விட்டார். பள்ளம் நிரப்புகிற பட்டி, உப்புத்தாள், பிரைமர், ஸ்பிரே டப்பாக்கள் எல்லாம் வாங்க ஊரின் மறு கோடிக்குப் போனார். மந்திரக்காரர் பட்டி வாங்குவதைத் தெருக்காரர் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? மற்றபடி குரு, வித்தை, உபதேசம் எல்லாம் கைபேசியில். காதில் மாட்டிக்கொண்டு, யாரோ ஒரு பையன் தன் வீட்டு வாசலில் வண்டிக் கதவைச் சரிசெய்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

வெந்நீரைக் கதவின் மேல் ஊற்றி, கழிப்பறை அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணத்தைப் பள்ளத்தில் வைத்து அழுத்தி இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். பொக் என்று தகடு பாதிக்கு மேல் வெளியே வந்தது. தர்மிந்தோவுக்கு ஒரு கணம் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். அடுத்த கணமே, கழிப்பறைக் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு திரைக்குள் தனியாகச் சிரிக்கிற தன்னை நினைத்து வெட்கமாகப் போயிற்று.

“பாக், உள்ள ஒரு சத்தத்தையும் காணோமே?” என்று வெளியே ஒரு குரல் கேட்டது. ஜுமாதி. “பிள்ளைங்க எட்டிப் பாக்குதுங்க, அதான் நான் இங்க உக்காந்துக்கிட்டேன். ஒருத்தரையும் கிட்ட விடமாட்டேன். நீங்க நிம்மதியாச் செய்ங்க.”

குற்றம் சுமந்தவனே திரைக்குக் காவல். தர்மிந்தோ பிஸ்கோத்து டப்பா ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்து, சுத்தியலால் டக் டக் என்று தட்டினார். வெளியே பேச்சுச் சத்தம் அடங்கியது. யாரோ பிள்ளைகளை உஸ் என்று அடக்கினார்கள். நரைத்த தலையோடு ஒரு மனிதர் பிஸ்கோத்து டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தவும் தைரியம் வரவில்லை.

முதலில் தன் பம்பரில் கை பழகிக்கொண்டார். உரிந்த இடத்தைத் தேய்த்து, பட்டி வைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்த்து, சிவப்பு அடித்து, மேலே பளபளப்பு அடித்தார். சிவப்பு சுலபமான நிறம். வேலை அச்சு அசலாக வந்தது. எங்கே இடிபட்டது என்று அவருக்கே தேட வேண்டியிருந்தது.

அதன் பிறகுதான் லஸ்மினியின் கதவில் இருந்த சிவப்புத் தீற்றுக்கு வந்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். தண்ணீர் சிவப்பாக ஓடித் தரையில் இறங்கி, தார்ப்பாய்க்கு அடியில் புகுந்து வெளியே போனது.

“பாக், சிவப்புத் தண்ணி வருது” என்றார் ஜுமாதி.

தர்மிந்தோவின் கை நின்றது.

“கம்பத்துப் பெயிண்டுதான். இருங்க, நான் தள்ளி விடறேன்.” விளக்குமாறு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. சரக் சரக் என்று ஜுமாதி அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்குள் தள்ளினார். முடித்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “பாக், ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. உங்க ஆளுங்களுக்குத் தகட்டத் தொட்டாலே யாரு இடிச்சதுன்னு தெரிஞ்சிடுமாமே?”

தர்மிந்தோ உப்புத்தாளை மறுபடி தண்ணீரில் நனைத்தார்.

“தெரிஞ்சா சொல்லுங்க பாக். எனக்கே சரியா ஞாபகம் இல்ல. சத்தம் கேட்ட மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு. ராத்திரி படுத்தா அதேதான் ஓடிட்டு இருக்கு. நான்தான்னா நான்தான். இல்லன்னு ஒரு வார்த்தை நீங்க சொன்னாப் போதும், பொண்டாட்டிகிட்ட தலை நிமிர்ந்து சொல்லிக்குவேன்.”

நடுவில் ஒரு தார்ப்பாய்தான். கையை நீட்டினால் அந்த மனிதரின் தோளைத் தொட்டுவிடலாம். ‘நீ இல்லை ஜும்’ என்று மூன்று வார்த்தை. அதைச் சொன்னால் நாலாவதாக ‘நான்’ என்றும் சொல்ல வேண்டிவரும். தர்மிந்தோ ஈர உப்புத்தாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சரி பாக், சரி. வேலையப் பாருங்க” என்றார் ஜுமாதி. குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

வெள்ளி நிறம் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. காற்றில் இன்னும் மழை ஈரம் இருந்தது. மேல் பூச்சு அடித்ததும் பால் ஊற்றிய மாதிரி வெளுத்துப் போனது. தேய்த்தார், மறுபடி அடித்தார். மேகம் மேகமாக நின்றது. யாயுக்கின் முடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்து கதவுக்குச் சூடு காட்டி, மெல்லியதாக, மெல்லியதாக அடித்தார். லஸ்மினி தினமும் வாழைக்காய்ப் பஜ்ஜி சுட்டுக்கொண்டு வந்து திரைக்கு வெளியே வைத்துவிட்டு, “மந்திர வேலை செய்யறவர் பட்டினி கிடக்கக் கூடாது” என்று யாரிடமோ சொல்லிவிட்டுப் போவார். பஜ்ஜி அங்கேயே ஆறிக் கிடக்கும்.

சனிக்கிழமை காலை யாயுக் குப்பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். கையை உள்ளே விட்டு ஒரு டப்பாவை வெளியே எடுத்தாள்.

“மாஸ், வெள்ளி வண்டிக்கு எதுக்கு சிவப்பு டப்பா?”

தர்மிந்தோ சும்மா இருந்தார். அவர் சும்மா இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று இந்த உலகத்தில் யாயுக்குக்கு மட்டும்தான் தெரியும். டப்பாவைப் பார்த்தாள், வாசலில் நிற்கிற சிவப்புக் காரைப் பார்த்தாள், அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

“அதான் அன்னிக்குப் பின்னாடியால ஏத்துனீங்களா?”

“சொல்லத்தான் நினைச்சேன் யுக்.”

“நினைச்சீங்க! ஜும் நேத்து என்கிட்ட வந்து பெட்டி கட்டறதுக்குக் கயிறு கேட்டாரு. நானும் தேடித் தேடி நல்ல கயிறாப் பாத்து எடுத்துக் குடுத்தேன்.” அவள் குரல் உடைந்தது. “ஊரெல்லாம் உங்களப் பத்திப் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே, என்னச் செருப்பால அடிக்கணும். நாளைக்கு நீங்க சொல்றீங்களா, இல்ல நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்றேன்” என்றார். ஒரு வாரத்தில் முதல் முறையாக மூச்சு ஒழுங்காக வந்தது. குப்பை வண்டி வந்தது. பையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கொடியேற்றி முடித்த கையோடு தெருவே கூடியிருந்தது. தேங்காய்ப்பால் சோறும் பொரித்த சோயா தெம்பேயும் காவல் கூண்டு முன்னால் அடுக்கி வைத்திருந்தார்கள். தார்ப்பாயை அவிழ்த்ததும் நாலு பேர் சேர்ந்து காரை வெளியே தள்ளினார்கள். அந்த நாலு பேரில் ஜுமாதியும் ஒருவர். உற்றுப் பார்த்தால் பின் கதவில் ஒரு இடம் மட்டும் லேசாக மங்கலாக இருக்கும். யாரும் அதைக் குறையாகப் பார்க்கவில்லை. “அந்த நிழலப் பாத்தியா? மந்திரம் பட்ட இடம்” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். லஸ்மினி கதவைத் தடவிக் கொடுத்துவிட்டு முகத்தைத் துணியால் மூடிக்கொண்டார்.

ரஹார்ஜோ தொண்டையைச் செருமினார். பாராட்டினார், நன்றி சொன்னார், பிளித்தார் மண்ணுக்கு வாழ்த்துச் சொன்னார். “அடுத்தது, ஜுமாதி விஷயம்” என்று ஆரம்பித்தார்.

“நான்தான் இடிச்சேன்” என்றார் தர்மிந்தோ.

குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. சோறு பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது.

“ஜும் இல்ல. நான். சனிக்கிழமை மழையில, யாயுக்கைக் கூப்பிடப் போறப்ப, பின்னாடி எடுத்தேன். அது கம்பத்துச் சிவப்பு இல்ல, என் வண்டிச் சிவப்பு. பாத்துட்டும் சொல்லாமப் போயிட்டேன். எனக்கு மந்திரமும் தெரியாது, மண்ணாங்கட்டியும் தெரியாது. கக்கூஸ் ரப்பர வெச்சு இழுத்தேன். உள்ள தட்டினது பிஸ்கோத்து டப்பா.”

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியது. அதில் கேலி இல்லை. அன்பாகச் சிரித்தார்கள்.

ரஹார்ஜோ சிரிக்கவில்லை. கண் கலங்கி நின்றார். “பாத்தீங்களா எல்லாரும்? நிஜமான வித்தைக்காரன் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் சொல்வான். அடுத்தவன் சோத்துல மண்ணு விழக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கறாரு பாருங்க. முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினேன், இப்படி ஒரு மனுஷனப் பாத்ததில்ல.”

“இல்ல பாக், நிஜமாவே! வந்து பம்பரப் பாருங்க.”

எல்லோரும் வந்தார்கள். சிவப்புக் காரைச் சுற்றி நின்றார்கள். ரஹார்ஜோ முழங்காலில் உட்கார்ந்து பம்பர் முனையை விரலால் தடவினார். காலை வெயிலில் அது புது வண்டி மாதிரி மின்னியது. ஒரு கீறல் இல்லை, ஒரு மேடு பள்ளம் இல்லை.

“இதுலயா இடிச்சீங்க?” என்றார், குழந்தையிடம் கேட்கிற மாதிரி.

“அதையும் நானே சரி பண்ணிட்டேன்.”

இப்போது ரஹார்ஜோவும் சிரித்துவிட்டார். “அவர் சொல்றது உண்மைதான் பாக்!” என்று யாயுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “சிவப்பு டப்பாவ நானே குப்பையில பாத்தேன்.”

“எங்க அந்த டப்பா?”

யாயுக் குப்பை வண்டி போன திசையைப் பார்த்தாள்.

“புருஷன் ஒரு நல்லது செஞ்சா பொண்டாட்டி இப்படிக் கூட நிக்கணும்” என்றார் ரஹார்ஜோ, தன் மனைவி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டே. அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி சிரிப்பு.

லஸ்மினி மட்டும் சிரிக்காமல் தர்மிந்தோவையே பார்த்துக்கொண்டிருந்தார். இவர் ஒருவராவது நம்பினால் போதும் என்று தர்மிந்தோவும் அவரைப் பார்த்தார். லஸ்மினி கிட்டே வந்து சொன்னார்: “நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குப் புரியுது பாக். எங்க வீட்டுக்காரர் இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாரு. நான் ஜுமாதிய மன்னிச்சிட்டேன். அவர் இங்கயே இருக்கட்டும்.”

கை தட்டினார்கள். ரஹார்ஜோ தீர்ப்பைத் திருத்தினார்: ஜுமாதி இருக்கலாம், ஆனால் இனிமேல் மழையில் வண்டி தள்ளக் கூடாது, பாக் தர்மிந்தோவின் பெருந்தன்மையை மறக்கக் கூடாது. ஜுமாதி கூட்டத்தைத் தாண்டி வந்து, தர்மிந்தோவின் கையைப் பிடித்துக் குனிந்து, வயதில் மூத்தவருக்குச் செய்கிற மாதிரி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். தர்மிந்தோ கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

“அன்னிக்குத் திரைக்கு வெளிய நின்னு கேட்டேனே, நீங்க வாயத் தொறக்கல” என்றார் ஜுமாதி. “அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு பாக். தகடு உங்ககிட்டச் சொல்லிடுச்சு. ‘நீதான்’னு என் மூஞ்சிக்கு நேரா சொல்ல உங்களுக்கு மனசு வரல.”

சாப்பாடு ஆரம்பமாகிவிட்டது. தர்மிந்தோவின் தட்டில் ஆளுக்கு ஒரு தெம்பேத் துண்டு வைத்தார்கள். ஒருவர் தன் வண்டியின் முன்பக்க நசுங்கலைப் பற்றிக் காதோடு விசாரித்தார். தர்மிந்தோ தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஜுமாதி கூண்டுக்குள் பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மடித்து வைத்த சட்டைகள் இரண்டு, தெகால் பிள்ளைகளுக்கு வாங்கிய பேனாக்கள், ஒரு பாய். தர்மிந்தோ வாசலில் நின்று, யாரும் கேட்காத குரலில் சொன்னார்.

“ஜும், அல்லா மேல ஆணையாச் சொல்றேன். நான்தான் இடிச்சேன். நீ கம்பத்துல முட்டவே இல்ல. வண்டி கம்பத்தத் தொடவே இல்ல. நம்பு ஜும்.”

ஜுமாதி எழுந்து வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு மரியாதை இருந்தது, அவ்வளவு இரக்கமும் இருந்தது. கூண்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தர்மிந்தோவின் தோளில் கை வைத்தார்.

“ஆணையெல்லாம் போடாதீங்க பாக், எனக்காக உங்களுக்குப் பாவம் வேண்டாம். ஊருக்கு நீங்கன்னே இருக்கட்டும். யாரு கேட்டாலும் நானும் அப்படியே சொல்றேன்” என்றார். பிறகு தன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “ஆனா செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும்ல.”